வடிகட்டின மெயில்

ஹப்ஸாவுக்குத் தெரியாமல் கட்டாருக்குப் பறந்துவிடுவது என்று ஸஜாத் முடிவெடுத்தான். விசா கைக்கு வந்த பிறகு மனைவியிடம் சொன்னால் போதும். ஏசுவாள், அழுவாள், பிறகு பெட்டியும் அடுக்கித் தருவாள். அதன்பின் "எங்க போன? ஏன் சுணங்கின? மீன் ஏன் நாறுது?" என்று கேட்க ஆளில்லாத ராச வாழ்க்கை!

சாய்ந்தமருதில் ஒரு ஹாட்வெயார் கடையில் அவன் ஸ்டோர் கீப்பர். தோஹாவில் ஒரு கம்பனிக்கும் ஸ்டோர் கீப்பர் தேவை என்று அங்கே வேலை செய்யும் கூட்டாளி றிம்சான் சொன்னான். ஸஜாத் விண்ணப்பமும் போட்டுவிட்டான். பதில் மெயிலில் வரும்.

வரும்தான். ஆனால் அவனுடைய மெயில் பெட்டியோ பெருநாளுக்கு முதல்நாள் கல்முனைச் சந்தை மாதிரி. லொத்தரில் கோடி விழுந்திருக்கிறது என்று ஒருவன். மொட்டையில் மயிர் முளைக்க எண்ணெய் என்று இன்னொருவன். ஸஜாத்தை மட்டுமே நம்பிச் சொத்தை எழுதி வைக்கத் துடிக்கும் ஏதோ தேசத்து விதவை. இந்த நெரிசலில் தோஹாக் கடிதம் மிதிபட்டுச் செத்தால்?

குப்பையை வடிகட்டத் தெரிந்த ஒரே ஆள், மருதமுனையில் கம்பியூட்டர் வகுப்பு எடுக்கும் ஹப்ஸாதான். கள்ளன் பொலிஸிடம் ஏணி கேட்ட கதை.

"புள்ள, இந்தக் குப்பையெல்லாம் வராம ஒரு வேலை செஞ்சி தா."

அவள் உட்கார்ந்தாள். அவன் பின்னால் நின்றான்.

"எந்தச் சொல்லு வந்தா தூக்கிப் போடணும்?"

"லொத்தர்."

"போட்டாச்சி. கொங்கிராஜுலேசன்?"

"அதுவும் கள்ள மெயில்தான். போடு, போடு."

"விசா?"

ஸஜாத் அவசரமாகத் திரைப்பக்கம் குனிந்தான்.

"அ... அத விடு."

"ஏன்? விசா எண்டு வாறதும் பொய்தானே?"

"இல்ல புள்ள... மக்காவுக்கு, உம்றா செய்யக் கூட்டிப் போற ஆக்கள் ஏதும் அனுப்புவாங்க."

ஹப்ஸா திரும்பி அவனை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள்.

"மாஷா அல்லாஹ்! சுபஹுத் தொழுகைக்கே எழும்பாத மனிசன் உம்றாவுக்கா?"

காற்றாடி சுழன்றது. ஸஜாத்துக்கு வியர்வை ஊற்றியது.

"செரி, முடிஞ்சிது. குப்பை இனித் தனியாப் போய் விழும். நான் இடைக்கிடை பாத்துக் கழுவி விடுறன்."

"ஒனக்கேன் கரச்சல்?"

"ஒங்கட குப்பைய நான் அள்ளாம ஆர் அள்ளுற?"

அன்றிலிருந்து மெயில் பெட்டி பிணம் அடக்கும் மையவாடி போல அமைதி. ஸஜாத் கடையில் பார்த்தான், பஸ்ஸில் பார்த்தான், சோற்றில் கை வைத்தபடி பார்த்தான். ஒன்றுமில்லை. குப்பைப் பெட்டியைத் திறந்தால் அது கழுவித் துடைத்துக் கிடந்தது. சோறு இறங்கவில்லை. கம்பனி பதில் தருவதாகச் சொன்ன தவணையும் முடியப்போகிறது. பொறுக்க மாட்டாமல் கிணற்றடிக்குப் போய் றிம்சானுக்குப் போனில் கோல் எடுத்தான்.

"மச்சான், எனக்கு ஒரு மெயிலும் வரல்லடா!"

"என்னடா பகிடி விடுறா? கொங்கிராஜுலேசன் எண்டு அவங்க போட்ட மெயிலுக்கு நீ பதிலும் போட்டுட்டியே!"

"நானா?"

"ஓம்! 'மனைவியைப் பிரிந்து ஒரு நாளும் இருக்க மாட்டேன், அவவுக்கும் வேலை தந்தால் வாறேன்' எண்டு. அவவுட கம்பியூட்டர் படிப்பு விவரமெல்லாம் நீ சேத்து அனுப்பியிருக்காய். மனேஜர் அழாத குறை. ரெண்டு பேரையும் எடுத்துட்டாங்கடா!"

ஸஜாத் வீட்டுக்குள் வந்தான். ஹப்ஸா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். என் பெயரில் நீ எப்படிப் பதில் போடலாம் என்று கேட்க வாயைத் திறந்தான். கேட்டால், நீங்கள் ஏன் ஒளித்து விண்ணப்பம் போட்டீர்கள் என்று அவள் கேட்பாள். வாயை மூடினான்.

"அங்கயும்... ஒண்டாத்தானா?" என்றான் ஈனக் குரலில்.

"வீட்டுல மட்டுமில்ல, ஸ்டோர்லயும்தான்," என்றாள் ஹப்ஸா, சேட்டொன்றை உதறி மடித்தபடி. "ஸ்டோர் பொறுப்ப எனக்குத் தந்திருக்காங்க, வேலை ஒங்களுக்கு. இனி லீவு வேணுமெண்டா என்னட்டத்தான் எழுதித் தரணும்."