பன்னிரண்டா, இருபத்து நாலா?

வாசகர்களே, இன்று உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தப்போகும் பிராணிக்கு இரண்டு கால், இரண்டு கை, ஒரு கைப்பேசி. பெயர், ஒப்பிட்டுப் பார்ப்பவர். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க இவர் பரவிக் கிடக்கிறார். பொருளை வாங்குகிறவர்கள் ஒரு வகை, வாங்க முடியாதவர்கள் இன்னொரு வகை. இவர் இரண்டிலும் சேராதவர். இவர் வாங்கப் போகிறவர். போன தீபாவளிக்கும் வாங்கப் போகிறவராகத்தான் இருந்தார், வருகிற தீபாவளிக்கும் அப்படியேதான் இருப்பார். சாலையோர டுரியான் கடையில் ஒவ்வொரு பழமாக எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டி, முகர்ந்து, காம்பைக் கீறி, கடைக்காரனின் வாயைக் கிளறி, பின்னால் நிற்கிற ஏழெட்டுப் பேரின் பொறுமையைச் சோதித்துவிட்டு, "அந்தப் பக்கமும் ஒரு கடை இருக்கு பாஸ், பார்த்துட்டு வரேன்" என்று நகர்வாரே, அவரேதான்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி என் பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கிறார். பெயர் யுகேந்திரன். துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டு வாசலில் ஒரு வெள்ளை வேன் நிற்கிறது. பழைய சரக்கு வேன்தான். உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, சன்னலுக்குப் பூப்போட்ட திரை எல்லாம் வைத்துக் கேம்பர் வேனாக மாற்றியிருக்கிறார்கள். இப்பேர்ப்பட்டவர் எப்படி வேனை வாங்கினார் என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. வாங்கியது அவர் மனைவி தாமரை. இவர் ஒரு கடையில் வேன்களின் கதவுகளைத் திறந்து மூடி எந்தக் கதவு நன்றாக மூடுகிறது என்று சோதித்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. ஏர்கோன்.

எஞ்சினை அணைத்துவிட்டுத் தூங்கினாலும் பேட்டரியிலேயே ஓடிக் குளிரூட்டுகிற ஏர்கோன், கூரைமேல் உட்காரும். பன்னிரண்டு வோல்ட்டில் வருகிறது, இருபத்து நாலு வோல்ட்டில் வருகிறது. நாற்பத்தெட்டிலும் வருகிறதாம், தயவுசெய்து அதை இவரிடம் சொல்லிவிடாதீர்கள். பன்னிரண்டு என்றால் வேனில் இருக்கிற மின்சாரத்தோடு ஒத்துப்போகும், ஆனால் கரண்டை அதிகம் இழுக்கும், வயர் கட்டைவிரல் தடிமனுக்கு வேண்டும். இருபத்து நாலு என்றால் பாதிதான் இழுக்கும், ஆனால் பேட்டரியை வேறு மாதிரி கட்ட வேண்டும். விஷயம் இவ்வளவுதான். நீங்களும் நானும் ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் முடிவு செய்துவிடுவோம். யுகேந்திரன் மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதில் வேறொரு சங்கடமும் உண்டு. ஏர்கோனை மாட்ட வேண்டுமானால் கூரையில் சதுரமாக ஒரு துளை வெட்ட வேண்டும். வெட்டினால் வெட்டியதுதான். ஒப்பிடுகிறவருக்கு உலகத்திலேயே பிடிக்காத வேலை எது தெரியுமா? திரும்ப ஒட்ட முடியாத எதையும் வெட்டுவது. அதனால் யுகேந்திரன் வெட்ட வேண்டிய இடத்தை நீல நிற ஒட்டு நாடாவால் கூரைமேல் கட்டம் போட்டு வைத்திருக்கிறார். புது மாடல் வரும்போதெல்லாம் ஏணி போட்டு ஏறி, பழைய கட்டத்தை உரித்துவிட்டுப் புதுக் கட்டம் ஒட்டுகிறார். மழையில் நாடா பிய்ந்துபோனால் அதையும் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு சந்தோஷமாக ஏறுகிறார்.

இவரோடு சாப்பிடப் போயிருக்கிறீர்களா? போகாதீர்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடைக்கு ஒருமுறை போனோம். உட்கார்ந்ததும் கைப்பேசியை எடுத்து ஏர்கோனுக்கு நேரே நீட்டிச் சத்தத்தை அளந்தார். பிறகு மேசை மாறினோம். அங்கே காற்று நேராகத் தலையில் அடிக்கிறது என்றார், மறுபடியும் மாறினோம். சோறு போட வந்தவர் இலையோடு எங்கள் பின்னாலேயே அலைந்தார். "பாஸ், மொதல்ல ஒரு எடத்துல உக்காருங்க பாஸ், ரசம் ஆறுது" என்று அவர் கெஞ்சியது இன்னும் என் காதில் இருக்கிறது. யுகேந்திரன் அவரையே பிடித்து, "இந்த ஏர்கோன் எத்தனை குதிரைசக்தி, தெரியுமா?" என்று கேட்டார்.

கிள்ளானில் இம்ரான் என்று ஒருவர் வேனுக்கு வேண்டிய சாமான்கள் விற்கிறார். அவர் கடைக்குப் போவது யுகேந்திரனுக்கு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவது மாதிரி. நானும் ஒரு நாள் கூடப் போனேன்.

"இம்ரான், இந்தச் சின்னது தூங்குற நேரத்துக்கு வைக்கிற மோட்ல எத்தனை ஆம்ப் இழுக்கும்?"

"அண்ணே, அதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே லா!"

அந்த நேரம் பார்த்து வேறொருவர் கடைக்குள் வந்தார். பந்திங்கிலிருந்து வந்தவர், அதே ஏர்கோனைத் தேடி வந்தவர். இம்ரான் யுகேந்திரனைக் கையால் காட்டிவிட்டுக் கல்லாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நம்மவர் ஆரம்பித்தார். இழுக்கிற கரண்ட், தள்ளுகிற குளிர், கம்ப்ரஸர் போடுகிற சத்தம், கூரை தாங்குகிற எடை, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று அவர் பேசி முடித்ததும், வந்தவர் மகிழ்ந்துபோய் ஒன்றை வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு, "ரொம்ப நன்றி அங்கிள், நீங்க எதைப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். "நான் இன்னும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றார் யுகேந்திரன். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கம் துளியும் இல்லை. இன்னும் கேட்டால், கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தான் வாங்காதது போகட்டும். வாங்கினவனையாவது நிம்மதியாக விடுவாரா? அதுவும் இல்லை. எங்கள் தாமான் குடியிருப்பிலேயே இருக்கும் பழனியப்பன் தன் வேனுக்கு ஏர்கோன் போட்டுவிட்டு, கால் தரையில் பாவாமல் ஓடிவந்து எங்களைக் கூப்பிட்டார். உள்ளே ஏறினோம். கேமரன் மலைக் குளிரில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எனக்கு இறங்கவே மனசில்லை. யுகேந்திரன் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அதன் சத்தத்தைக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு பழனி."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு. பன்னிரண்டு வோல்ட்தானே?"

"ஆமாலா. ஏன்?"

"ம்ம்."

அந்த 'ம்ம்' இருக்கிறதே, அதற்கு மருந்து கிடையாது. திட்டியிருந்தால் பழனியப்பன் திருப்பித் திட்டியிருப்பார். மறுநாளிலிருந்து அவர் வேனுக்குள் படுத்துக்கொண்டு வயர் சூடாகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாராம். நல்ல மனுஷன், பாவம்.

இதில் உண்மையாகவே பாதிக்கப்பட்டவர் தாமரை டீச்சர். தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். அவருக்கு ஒரே ஓர் ஆசை. அதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவரே என்னிடம் சொன்னார்.

"இத்தனை வருஷமா கரும்பலகையில கடல வரஞ்சு, அதுலேருந்து சூரியன் வர்ற மாதிரி வரஞ்சு காட்டுறேன் அண்ணே. நான் பார்த்ததே இல்ல. நம்ம பக்கம் கடல்ல சூரியன் முழுகுறதத்தான் பார்க்கலாம். எழும்புறதப் பார்க்க கிழக்குக் கரையில செராத்திங் பக்கம் போகணும். வேன் கதவத் தொறந்தா கடல் தெரியணும், அவ்வளவுதான். முட்டி வேற வலிக்குது, இன்னும் எத்தன வருஷம் இந்த வேன்ல ஏறுவேனோ."

சரி, ஏர்கோன் இல்லாமலே போகலாமே என்பீர்கள். அங்கேதான் யுகேந்திரனின் சாமர்த்தியம். புதிதோ பழையதோ, வீட்டுக்கு வந்த வண்டிக்குக் கோயிலில் பூஜை போடாமல் நெடுந்தூரம் எடுக்க நம் வீடுகளில் யாரும் சம்மதிப்பதில்லை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கினால்தான் மனசு சமாதானமாகும். தாமரை டீச்சரும் அப்படித்தான். யுகேந்திரன் என்ன சொன்னார் தெரியுமா? "இப்பப் பூஜை போட்டுட்டு அப்புறம் கூரைய வெட்டினா, சாமி கும்பிட்ட கூரைய வெட்டின மாதிரி ஆயிடும்லா. ஏர்கோன் ஏறட்டும், எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பூஜையா போட்டுருவோம்." ஆக, ஒப்பிட்டு முடியாமல் ஏர்கோன் இல்லை, ஏர்கோன் ஏறாமல் பூஜை இல்லை, பூஜை போடாமல் பயணம் இல்லை. பள்ளி விடுமுறை வரும், டீச்சர் பையைக் கட்டுவார். புது மாடல் வரப்போவதாக இவர் சொல்வார், டீச்சர் பையை அவிழ்ப்பார். ஆண்டுக் கடைசியில் கிழக்குக் கரையில் மழை பிடித்துக்கொள்ளும். அந்த வருஷம் அதோடு போச்சு.

இந்த வருஷமும் மழைக்கு முந்திய கடைசி விடுமுறை வந்தது. அதே வாரக் கடைசியில் செர்டாங்கில் கேம்பர் வேன் கண்காட்சி. எல்லாக் கம்பெனி ஏர்கோனும் ஒரே கூரையின்கீழ்! யுகேந்திரன் சனிக்கிழமை காலையிலேயே குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு ரயிலேறிவிட்டார்.

அவர் தலை மறைந்ததும் தாமரை டீச்சர் வெளியே வந்தார். கையில் தேங்காய், பூ, ஒரு பை எலுமிச்சம்பழம். கூடவே அவர் பள்ளியில் வேலை செய்யும் இராஜம்மா டீச்சர், தலையணையோடு.

"அண்ணே, ரிவர்ஸ் எடுக்கிறேன், பின்னால கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

யுகேந்திரனுக்குத் துரோகம் செய்கிறோமோ என்று ஒரு கணம் யோசித்தேன். ஒரே கணம்தான். பிறகு கைகாட்டி வேனை வெளியே எடுத்துவிட்டு, நானும் ஏறிக் கோயில்வரை போனேன்.

குருக்கள் கோயில் படிமேல் நின்று பார்த்தார். அங்கிருந்து வேனின் கூரை நன்றாகத் தெரியும்.

"மேல என்னம்மா நீலமா கட்டம் போட்டிருக்கு?"

"அது ஏர்கோன், சாமி."

"எங்க?"

"வரும், சாமி."

குருக்கள் எத்தனையோ குடும்பத்தைப் பார்த்தவர். சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, அந்தக் காலிக் கட்டத்துக்கும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்தார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. என்னை இறக்கிவிட்டு இரண்டு டீச்சர்களும் கிழக்கே பார்த்துப் போய்விட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

சாயங்காலம் யுகேந்திரன் இரண்டு பை நிறைய விளம்பரத் தாள்களோடு வந்து இறங்கினார். வேன் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"ஏர்கோன் இல்லாமலா?"

உடனே மனைவியை அழைத்தார். ஸ்பீக்கரில் கடல் இரைகிற சத்தம் எனக்கும் கேட்டது.

"தாமரை, வேர்க்கலையா?"

"சன்னலத் தொறந்து வச்சிருக்கோம். இராஜம்மா டீச்சர் ஒரு மேசைக் காத்தாடி கொண்டாந்தாங்க, அது போதுங்க."

"எத்தனை வோல்ட்?"

டீச்சர் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனார்:

"ஏங்க, கோவிச்சுக்காதீங்க. நீங்களும் வந்துடுங்க. பக்கத்துல குவாந்தானுக்கு பஸ் இருக்கு, ஏறிடுங்க. நான் வந்து கூட்டிக்கிறேன். காலையில ஒண்ணா பார்ப்போம்."

யுகேந்திரன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மனைவிமேல் ஆசை இல்லாத மனுஷன் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. "இதோ, ஏறிட்டேன்னு வச்சுக்க" என்று சொல்லி, வாசலிலேயே உட்கார்ந்து கைப்பேசியில் பஸ் டிக்கெட் தேடினார். நானும் அவருக்காக ஒரு துண்டையும் பல் துலக்குகிற பிரஷ்ஷையும் பையில் எடுத்து வைத்தேன்.

ஒரு பஸ்ஸில் சீட் அகலம், ஆனால் நடுவில் இரண்டு இடத்தில் நிற்கிறது. இன்னொன்று எங்கும் நிற்காது, ஆனால் ஏர்கோன் ஒழுகுகிறது என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். மூன்றாவதில் எல்லாம் நன்றாக இருக்கிறது. அதனாலேயே அவருக்குச் சந்தேகம். "ஏதாவது ஒண்ணுல ஏறுங்க யுகேந்திரன்!" என்று நான் கத்தினேன். "அவசரப்படக் கூடாது லா, விடுமுறைக் கூட்டம், நல்லதா பார்த்து ஏறணும்" என்றார். அவர் நல்லதாகப் பார்த்து முடித்தபோது, எதிலும் சீட் இல்லை.

மறுநாள் காலை வேலியோரம் நின்று, அவருக்கு வந்திருந்த படத்தை எனக்குக் காட்டினார். கடலிலிருந்து பாதி எழும்பிய சூரியன். அதற்கு முன்னால் தாமரை டீச்சர், முதுகைக் காட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்து இடம் காலியாக இருந்தது. யுகேந்திரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டதோ என்று எனக்குத் தோன்றியது. அவர் தோளில் கைவைக்கப் போனேன். அதற்குள் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, சூரியனை ஒதுக்கி, மனைவியை ஒதுக்கி, ஓரத்தில் நின்ற வேறு யாருடைய வேனின் கூரைக்கோ போய்ச் சேர்ந்துவிட்டார். பதிலும் போய்விட்டது: "பக்கத்து வேன் மேல இருக்கிறது என்ன மாடல்? கொஞ்சம் கேட்டுச் சொல்லு."

டீச்சர் பதில் போடவில்லை. இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவதாக இராஜம்மா டீச்சர் எனக்குச் சொல்லி அனுப்பினார்.

சிரித்தாகிவிட்டதா? நல்லது. உங்களிடம் கேம்பர் வேன் இல்லை, கூரையில் துளை போடும் உத்தேசமும் இல்லை. ஆனாலும் இதைப் படித்துக்கொண்டே வரும்போது, நடுவில் எங்கேயோ, 'அப்படியானால் இரண்டில் எதுதான் நல்லது?' என்று உங்கள் மனசு ஒரு நிமிஷம் நின்றதா இல்லையா? பொய் சொல்ல வேண்டாம். நின்றிருந்தால், இதை இப்படியே வைத்துவிட்டு வாசல் பக்கம் எட்டிப் பாருங்கள். யாராவது செருப்பை மாட்டிக்கொண்டு, வெகு நேரமாக உங்களுக்காக அங்கே நின்றுகொண்டிருக்கலாம்.