கருத்துக் கேட்க வந்த டாக்டர்

கருத்துக் கேட்பதற்கென்றே பிறந்த ஓர் இனம் உண்டு. ஊரைக் கூட்டுவார்கள், உருகி உருகிக் கேட்பார்கள். பதில் மட்டும் காதில் ஏறாது.

இந்தோனேசியாவின் செமாராங் நகரத்தில், ஒரு குடியிருப்பின் சமுதாயக் கூடத்துக்கு வந்த டாக்டர் ஹெர்லம்பாங் அந்த இனத்தில் முதல் தரம். அடுத்தவர் விடும் சிகரெட் புகைக்கும் சைனஸ் நோய்க்கும் என்ன தொடர்பு என்று ஆராய வந்தவர், நெஞ்சில் கைவைத்து, "இந்த ஆராய்ச்சிய நீங்கதான் வடிவமைக்கப் போறீங்க! நான் வெறும் காதுதான்!" என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள் அவருடைய உதவியாளர் ஐந்நூறு கேள்வித்தாள்களை மேசைமேல் இறக்கினார். அச்சடித்தாயிற்று. தைத்தாயிற்று. வடிவமைக்க இன்னும் என்ன பாக்கி? மேலட்டையின் நிறமா?

மக்கள் சொல்வதைக் கேட்பது எவ்வளவு முக்கியம் என்று நாற்பது நிமிடம் அவரே பேசினார். குடியிருப்புத் தலைவர் சுகியார்த்தோ கிராம்பு சிகரெட்டின் புகைக்குள்ளிருந்து தலையாட்டினார்.

சுமியெம் எழுந்தாள். தெம்பே என்னும் சோயாக் கட்டியைப் பொரித்து விற்பவள். மூன்று வருடமாக மூக்கடைப்பு, மண்டையிடி. எண்ணெய் கருகினாலும் வாடிக்கையாளர் கத்தித்தான் அவளுக்குத் தெரியவரும்.

"மூணாவது கேள்வி தப்பு, டாக்டரய்யா."

"அருமையான கருத்து! குறிச்சுக்குங்கப்பா."

"நான் இன்னும் கருத்தையே சொல்லலையே!"

கூடம் குலுங்கிச் சிரித்தது.

"'உங்கள் வீட்டில் யாராவது புகைக்கிறார்களா'ன்னு போட்டிருக்கு. எங்க வீட்டுல ஒருத்தரும் இல்ல. அப்படியே எழுதினா நான் புகையே படாதவ ஆயிடுவேன். என் சன்னலுக்குக் கீழ காவல் கொட்டகை. ஆறு பேரு சீட்டாடிக்கிட்டே ஊதித் தள்ளுறாங்க. அந்தப் புகை என்ன, கதவு தட்டிட்டா வருது?"

தலைவர் தம் சிகரெட்டைக் கூட்டத்துக்கு வைத்திருந்த தெம்பேத் தட்டிலேயே அவசரமாக நசுக்கினார்.

"அடுத்த கட்டத்துல சேர்த்துக்கலாம், அக்கா" என்றார் டாக்டர்.

"அதுவரைக்கும் என் மூக்கு காத்திருக்குமா?"

"எனக்கும் அதே கதைதான்!" என்று ஒருத்தி கூவ, பின்வரிசை மொத்தமும் கை தூக்கியது. சுமியெம் தன் தாளில் மூன்றாவது கேள்வியை அடித்துவிட்டு, 'உங்கள் வீட்டுக்குள் யாருடைய புகை வருகிறது?' என்று எழுதினாள். ஒரு பேனா பத்துக் கைகளில் சுற்றியது. உதட்டுக்குப் பூசும் பென்சில்கூட வேலைக்கு வந்தது. "கிறுக்காதீங்கம்மா! நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்த தாளு!" என்று டாக்டர் வரிசை வரிசையாக ஓட, அவருக்கு முன்னால் ஓடியது சிரிப்பு.

நான்கு மாதம் கழித்துப் புதிய தாளோடு வந்தார். மூன்றாவது கேள்வி சுமியெமின் கேள்வி, எழுத்துக்கு எழுத்து. "இது எனக்கு ஒருநாள் குளிக்கும்போது தோணிச்சு" என்றார். சுமியெம் விழுந்து விழுந்து சிரித்தாள். பதில் எழுதும் இடத்தில் 'ஆறு பேர்' என்று எழுதி, ஆறு பெயரையும் போட்டாள்.

இருக்கட்டும். பெயின்ட் வாளியைத் திறந்து, ஒரு சுவர் அடித்தும் முடித்துவிட்டு, "என்ன நிறம் அடிக்கலாம், நீயே சொல்லேன்" என்று மனைவியைக் கேட்ட மகராசர் யாராவது இதைப் படிக்கிறீர்களா? எனக்குப் பதில் வேண்டாம். அடுக்களையிலிருந்து உங்கள் மனைவியே சொல்லிக்கொண்டிருக்கிறார். காதில் விழுகிறதா?