சொந்தக்காரர் மட்டும் ஓட்டும் வண்டி

ஆவணி மாதம் திண்டிவனத்தில் நடக்கும் ஒரு கல்யாணத்துக்குத் தம் சொந்தக் காரைத் தாமே ஓட்டிக்கொண்டு போய், பந்தல் வாசலில் எல்லார் கண்ணிலும் படும்படி இறங்குவது என்று செஞ்சி கடைவீதிப் பாத்திரக் கடை பூவராகவன் தீர்மானம் செய்தார். யார் வீட்டுக் கல்யாணம் என்பது அவருக்கு முக்கியமில்லை. சகலை கிருஷ்ணமூர்த்தி வருவார் என்பதுதான் முக்கியம். திண்டிவனத்தில் அரிசி ஆலை வைத்திருந்த அந்தச் சகலை, ஐந்து வருஷமாகக் காரும் வைத்திருந்தார். எந்த விசேஷத்திலும் கார்ச் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டேதான் பேசுவார். சுழல்வது சாவி; தலை சுற்றியது பூவராகவனுக்கு.

அதனால் அறுபத்து நாலாம் வருஷம் ஆனி மாதத்தில் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பழைய ஆஸ்டின் காரை வாங்கினார். பத்துக் குதிரைத் திறன் என்று தரகர் சொன்னார். தேசிங்கு ராஜன் ஒரே ஒரு குதிரையை வைத்துக்கொண்டு இந்த ஊரில் இவ்வளவு பெயர் வாங்கியதை நினைத்துப் பூவராகவன் பரிதாபப்பட்டார்.

வண்டியை மனைவி நீலாவதியின் பெயரில் பதிவு செய்தார். கடைவீதி வழக்கம் அது. கடையின் பெயர்ப்பலகை கணவன் பெயரில் இருக்கும். வீடு, மனை, கிணறு எல்லாம் மனைவி பெயரில் இருக்கும். வரி அதிகாரி வந்தால், "எல்லாம் சம்சாரத்தோடதுங்க" என்று கையை விரிக்கலாம். அந்தச் சொத்து உண்மையிலேயே சம்சாரத்தினுடையது என்ற எண்ணம் மட்டும் கடைவீதியில் எவருக்கும் வந்ததில்லை.

"எனக்கு எதுக்குங்க காரு? வேணாங்க. உங்க பேர்லயே எழுதிக்குங்க" என்றாள் நீலாவதி.

"உனக்கு இன்னா தெரியும்? கையெழுத்துப் போடு" என்றார் பூவராகவன். நீலாவதி வேண்டாம் என்று சொன்னால் அது லாபமான காரியம் என்பது பதினெட்டு வருஷ இல்லறத்தில் அவர் கண்டுபிடித்த சூத்திரம்.

இனி இன்சூரன்ஸ் பாக்கி. அது இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்க முடியாது. ஏஜெண்ட் கௌஸ் பாஷா விண்ணப்பத் தாளோடு வீட்டுக்கே வந்து, கூடத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"மொதக் கேள்வி, முதலாளி. வண்டி இன்னா வகை? சொந்த உபயோகமா, வாடகைக்கா, சரக்கு ஏத்தவா?"

பூவராகவன் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகாதவர். விலை கேட்டுப் பழகியவர்.

"எதுக்கு எவ்வளோ?"

"சரக்குன்னா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. வாடகைன்னா அதுக்கும் மேல. சொந்தத்துக்குத்தான் கம்மி."

"சொந்தம்னு எழுதுங்க."

"அனந்தபுரம் சந்தைக்கு அண்டா குண்டான் ஏத்தப் போறதா சொன்னீங்களே?" என்றாள் கதவோரம் நின்ற நீலாவதி.

"மாட்டு வண்டி இன்னா செத்தா போச்சு? நீ சும்மா இரு."

"ராத்திரியில வண்டி எங்க நிக்கும்?" என்றார் கௌஸ் பாஷா. "தெருவுல நின்னா ஏறும். பூட்டு போட்ட கொட்டாய்னா எறங்கும்."

"கொட்டாய்!"

"எந்தக் கொட்டாய்ங்க?" என்றாள் நீலாவதி.

"நம்ம பித்தளைக் கிடங்குதான்."

"அதுல இருக்கற பித்தளை?"

"கூடத்துல வெச்சுக்கலாம்." அன்று முதல் அந்தக் குடும்பம் அண்டாக்களுக்கு நடுவே இலை போட்டுச் சாப்பிட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

"வண்டிய யாரு ஓட்டுவாங்க?"

"இது இன்னா கேள்வி? நான்தான்."

"இதுவரைக்கும் எங்கயாவது மோதினது இருக்குதா?"

"சேச்சே."

"வல்லம் ரோட்டு மைல் கல்லு?" என்றாள் நீலாவதி.

"அது இரவல் ஜீப்பு. கத்துக்கும்போது ஆனது. கணக்குல வராது."

"முருகையன் வூட்டு மாடு?"

"அது தானா குறுக்க வந்துச்சு!"

"படுத்து அசை போட்டுக்கினு இருந்துச்சு, பாய். மேல்சித்தாமூர் போற வழியில ஒரு பம்ப் செட்டு ரூம் சுவரு கூட இருக்குது."

கௌஸ் பாஷா பேனாவைத் தாழ்த்தினார். "மூணு மோதல். நூத்துக்கு முப்பது ஏறும், முதலாளி."

ஈயம் போன பாத்திரம்போல் பூவராகவன் முகம் கறுத்தது. "எறக்க வழியே இல்லியா?"

"ஒண்ணு இருக்குது. 'சொந்தக்காரர் மட்டும்தான் ஓட்டுவார்'னு எழுதிக் குடுத்தா, நூத்துக்கு இருபது தள்ளுபடி. சொந்தக்காரர் இதுவரைக்கும் எதுலயும் மோதியிருக்கக் கூடாது. அப்ப அந்த முப்பதும் இல்ல."

"எழுதுங்க!" தள்ளுபடி என்ற சொல்லுக்குப் பின்னால் வந்த எதுவும் பூவராகவன் காதில் ஏறவில்லை.

"முதலாளி, சொந்தக்காரர்னா…"

"தள்ளுபடின்னு வந்தப்புறம் பேச்சு எதுக்கு? எழுதுங்க பாய்!"

கௌஸ் பாஷா நீலாவதியைப் பார்த்தார்.

"வேணாங்க. வம்பு எதுக்கு?" என்றாள் அவள்.

அதோடு காரியம் உறுதியாகிவிட்டது. பூவராகவன் பேனாவைப் பிடுங்கித் தாமே எழுதினார்.

"சொந்தக்காரர் லைசென்ஸ் நம்பர்?"

பூவராகவன் பெருமையோடு தம் லைசென்ஸை எடுத்து நீட்டினார்.

"உங்களது இல்லீங்க, முதலாளி. வண்டி அக்கா பேர்ல இல்ல இருக்குது?"

பூவராகவன் மெல்லச் சிரித்தார். "இவளுக்கு ஏது லைசென்ஸ்? சரி, அந்தக் கேள்விய அடிச்சுடுங்க."

நீலாவதி சமையலறைக்குப் போய், உளுந்து டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து வந்து ஏஜெண்டிடம் கொடுத்தாள். அதில் அவளுடைய படம் ஒட்டியிருந்தது. அரசாங்க முத்திரையும் இருந்தது.

"எ… எப்போ?"

"தங்கச்சி வசந்தா பிரசவத்துக்குத் திண்டிவனத்துல மூணு மாசம் இருந்தேனே, அப்ப. கொழந்தை தூங்கற நேரத்துல பொழுது போவ வேணாவா? அவ வூட்டுக்காரரு கத்துக் குடுத்தாரு."

"சகலையா?"

"அவரு காருலதான்."

கௌஸ் பாஷா இரக்கமுள்ளவர். "மாத்தி எழுதிடலாமா, முதலாளி? அறுபத்தஞ்சு ரூபா கூட ஆவும். அவ்வளவுதான். இப்பிடியே வுட்டுட்டு நீங்க ஓட்டி எதுலயாவது மோதினா, ஒரு பைசா வராது. போலீசு புடிச்சா கேஸும் உண்டு."

பூவராகவன் கண்ணை மூடினார். ஒரு பக்கம் பந்தல் வாசல், சகலை, சுழலும் சாவி. இன்னொரு பக்கம் அறுபத்தைந்து ரூபாய். வாங்கிய தள்ளுபடியைத் திருப்பிக் கொடுத்த வரலாறு அவர் வம்சத்தில் இல்லை.

"எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்" என்று அவர் வாய் சொல்லிவிட்டது.

கல்யாணத்தன்று நீலாவதி ஓட்டினாள். பூவராகவன் மடியில் சீர்த்தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். செஞ்சி மலைகள் முதுகுக்குப் பின்னால் மறைந்ததும் அவர் கேட்டார்.

"ரெண்டு தடவையும் நீ வேணாம்னுதானே சொன்னே?"

"ஆமாங்க. பதினெட்டு வருஷமா அப்பிடிச் சொல்லித்தானே எல்லாம் வாங்கிக்கினு இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே நீலாவதி ஒரு லாரியை முந்தினாள்.

பந்தல் வாசலில் கிருஷ்ணமூர்த்தி சாவியைச் சுழற்றியபடி நின்றார். "வாங்க சகலை! நம்ம சிஷ்யை எப்பிடி ஓட்டுறாங்க?" சுழற்ற எதுவும் இல்லாததால் பூவராகவன் கையிலிருந்த குடையைச் சுழற்றினார். அது மாப்பிள்ளையின் சித்தப்பாமீது பட்டது. பூவராகவனின் மோதல் கணக்கு நாலாயிற்று.

மறு வருஷம் புதுப்பிக்க வந்த கௌஸ் பாஷா, "அக்கா ஒரு கீறல்கூட வைக்கல. அதுக்குத் தனியா தள்ளுபடி" என்றார்.

பழக்கதோஷம்! "இன்னும் எறக்க வழி இருக்குதா?" என்று பூவராகவன் கேட்டுவிட்டார்.

"பக்கத்துல உக்கார்றவங்களுக்குன்னு ஒரு எட்டு ரூபா இருக்குது. அக்காவைத் தவிர யாரும் ஏற மாட்டாங்கன்னா அதை அடிச்சுடலாம்."

பூவராகவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"வேணாங்க" என்றாள் நீலாவதி.

பூவராகவன் இப்போது திண்டிவனத்துக்குப் பஸ்ஸில்தான் போகிறார்.