சரஸ்வதி காலடியில் ஒரு பல்பு

காரின் பின்விளக்கு எரிகிறதா இல்லையா என்பது ஓட்டுகிறவனைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரியும். இப்படி ஓர் ஏற்பாட்டை எந்தப் புத்திசாலி செய்தான் என்று எனக்கு இன்றுவரை ஆத்திரம். முன்விளக்கு அணைந்தால் நமக்கே தெரிகிறது, நிறுத்துகிறோம். பின்விளக்கு அணைந்தால் போலீஸ்காரர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. (அவர் சொல்கிற விதம் வேறு!)

எருத்தேன்பதியில் எங்கள் வீட்டில் அப்போது துணிக்கூரையை மடக்கிவிடுகிற மாதிரி ஒரு குட்டிக் கார் இருந்தது. மலைமேல் எஸ்டேட் துரை ஒருவர் ஓட்டித் தீர்த்துவிட்டு விற்றதை அப்பா வாங்கிப்போட்டிருந்தார். அதன் பின்விளக்கு இருக்கிறதே, அது ஒரு தனிச் சனியன். மழை பெய்தால் உள்ளே தண்ணீர் இறங்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கும். நான் திருகாணிகளைக் கழற்றி, சிவப்புக் கண்ணாடியை எடுத்து, களிம்பை உப்புத்தாளால் தேய்த்து, பல்பைத் திரும்ப மாட்டுவேன். எரியும். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் மறுபடி அணையும். அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு முந்திய வாரம் பல்பே உயிரை விட்டது. கோயமுத்தூரிலிருந்து புதுப் பல்பு வரவழைத்து, கருவிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தேன். நாளைக்கு மாட்டலாம் என்றுதான். (இருபத்து நாலு வயதில் எனக்கு எல்லாமே நாளைக்குத்தான்.)

அந்த “நாளைக்கு” வருவதற்குள் பூஜை வந்துவிட்டது. அப்பா பெட்டியைத் தூக்கிச் சாமி முன்னால் வைத்து, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டிவிட்டார். இனி விஜயதசமி காலையில் மறுபூஜை முடிகிறவரை அதை யாரும் தொடக்கூடாது.

அதே விஜயதசமி விடிகாலையில்தான் எனக்கு உப்புச் சக்கரை. எங்கள் பக்கம் நிச்சயதார்த்தத்துக்கு அதுதான் பெயர். தாய்மாமன் வந்து நிற்காமல் அது நடக்காது. மாமா கோழிக்கோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பெண்ணுக்குச் சிவப்புப் பட்டுச்சீலையோடு பூஜையன்று சாயங்கால ரயிலில் பாலக்காடு வருகிறார். கூட்டி வர நான் போக வேண்டும்.

“அப்பா, பல்பை மட்டும் எடுத்துக்கறனுங்க,” என்றேன்.

“சாமி முன்னால வெச்சதுல கை வெச்சீன்னா கையை முறிச்சுப்போடுவேன்.”

“காருக்குந்தான் பூஜை போட்டிருக்குதுங்க. அது மட்டும் போலாமுங்களா?”

“அதுக்கு எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சு. அது போலாம்.”

இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது? இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்று கிளம்பினேன். ரயில் தாமதம். மாமாவை ஏற்றிக்கொண்டு பாலக்காட்டை விட்டு வரும்போதே அந்தி மங்கிவிட்டது. கொச்சி மகாராஜா சர்க்காரின் எல்லை தொடங்கும் இடத்தில் ஒரு கான்ஸ்டபிள் கை காட்டினார்.

“பின்னில லைட்டு இல்லல்லோ. பல்பு எவிடே?”

“சரஸ்வதி காலடியிலங்க.”

அவர் சிரிக்கவில்லை. பக்தியோடு தலையாட்டினார். “ஆ, பூஜைக்கு வெச்சதாணோ? எடுக்கப் பாடில்ல.”

எடுக்கக்கூடாது என்று அவரே ஒப்புக்கொண்டார், சரி, விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. விளக்கில்லாத வண்டி போகக்கூடாது, கேஸ் எழுதியாக வேண்டும் என்றார். எழுதிக்கொண்டு விடுங்கள் என்றேன். எழுதவும் முடியாதாம்! அவர்களுடைய பேனாவும் புத்தகமும் பூஜையில் இருக்கின்றனவாம்.

“நாளெ ராவிலெ பூஜை எடுத்திட்டு எழுதாம். அதுவரெ இவிடெ இருக்கணும்.”

விடிந்து பூஜை எடுக்கிறவரை இங்கேயா? எனக்குக் கோபம் தலைக்கேறியது. பல்பும் பூஜையில், பேனாவும் பூஜையில், நடுவில் என் கல்யாணம் மட்டும் நாசமாய்ப் போகலாமா? மாட்டுவண்டியாவது கிடைக்குமா என்று தேடினால், வண்டிக்காரர்களும் வண்டிக்குப் பொட்டு வைத்து மாட்டை அவிழ்த்துவிட்டிருந்தார்கள்.

“ஏன் மாப்ள,” என்றார் மாமா, “விடிஞ்சா உப்புச் சக்கரை. நீ இங்க போலீசுகிட்ட உக்கோந்திருந்தீன்னா பொண்ணூட்டுக்காரங்க வேற எடம் பாத்துருவாங்கடா.”

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யாத நாட்களில் எனக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை.) கான்ஸ்டபிள் பக்கத்தில் ஓர் அரிக்கேன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சட்டத்துக்கு வேண்டியது பின்னால் ஒரு சிவப்பு வெளிச்சம். மாமா பையில் இருந்தது சிவப்புப் பட்டு.

“மாமா, சீலையை வெளக்குல ஒரு சுத்துச் சுத்திக்கலாமுங்களா?”

மாமா பார்த்த பார்வையை எழுத மனசு வரவில்லை. கான்ஸ்டபிளுக்கோ பரம திருப்தி. “சொவப்பாயிட்டுண்டு. போய்க்கோ,” என்றவர், நாளைக்குத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லி விளக்கையும் கொடுத்தார். மாமா பின்சீட்டில் முழங்காலிட்டு, மடக்கிய கூரைமேல் விளக்கைப் பிடித்துக்கொண்டு, போன ஊரையே பார்த்தபடி வந்தார்.

சித்தூர் தாண்டியதும், “மாப்ள, என்னமோ தீயுது,” என்றார். நான் பொறுப்பான டிரைவர் அல்லவா? உடனே நிறுத்தி, பானெட்டைத் திறந்து, என்ஜினை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகர்ந்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன். மாமாவும் கழுத்தைத் திருப்பி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரமும் அவர் கையில் சீலை நிதானமாகக் கருகிக்கொண்டிருந்தது.

ஊர் வந்ததும் இருட்டிலேயே மடித்து வைத்த சீலையை விடிகாலையில் பெண் வீட்டில் பிரித்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. பெண்ணின் அப்பா எழுந்தே விட்டார். “கருகுன சீலையிலயா என்ற புள்ளைக்கு நிச்சயம்? தாம்பாளத்தை எடுத்துட்டுக் கெளம்புங்க!” மாமா என்னைக் காட்டினார். நான் வாசலில் நின்ற காரைக் காட்டினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உள்ளேயிருந்து பெண்ணின் குரல் கேட்டது. “ஓட்டை கொசுவத்துக்குள்ள போயிருமுங்கப்பா. நேரந்தான் போனா வராது.” சொன்னபடியே அதைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

எவ்வளவு பெருந்தன்மை என்று உருகினேன். அந்த ஓட்டையை அவள் எதற்காகக் காப்பாற்றினாள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இன்றைக்கும் நான் அப்பாவையோ அந்தக் கான்ஸ்டபிளையோ திட்ட ஆரம்பித்தால் போதும். பெட்டியைத் திறந்து சீலையை எடுத்து வருவாள். பேரப்பிள்ளைகள் எல்லோரும் பார்க்க, ஓட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, “நீங்க பேசுங்க, பல்பை நாளைக்கு மாட்டலாம்னவரு இதுக்குள்ளயே நல்லாத் தெரியறாரு,” என்பாள்.