உடும்பின் புற்றும் பாதி இணையமும்

ஒரு காட்டில் செங்கமலம் என்ற உடும்பு வாழ்ந்து வந்தாள். அவள் வீட்டில் பாதி இணையம் இருந்தது.

முழு இணையம் இருந்தால் இந்தக் கதையே இல்லை. அடியோடு இல்லாதிருந்தால் அவளுக்கு நிம்மதி. பாதி இருந்ததுதான் பாடு. மயில்களின் கல்யாண வீடியோ தடங்கலில்லாமல் ஓடியது. தேன் நிலவரம் வந்தது. முதலையொன்று சைவச் சமையல் சொல்லிக்கொடுக்கும் நிகழ்ச்சிகூட வந்தது. வளைப் பதிவு அலுவலகத்தின் தளம் மட்டும் வரவில்லை. வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. செக்குமாடாவது நடுவில் நின்று மூச்சு வாங்கும்.

அன்று மாலை ஐந்து மணியோடு பதிவு முடிகிறது. அதற்குள் பதியாத புற்று, பொந்து, வளை எதுவும் யாருக்கும் சொந்தமில்லை. செங்கமலமோ வயிற்றில் பதினொரு முட்டையோடு இருந்தாள். உடும்புக்கு முட்டையிடப் புற்று வேண்டும். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். இடையில் ஓர் உடும்பு ஆறு வருஷம் குடியிருந்ததை ஒருவரும் சொல்வதில்லை. அந்த வருத்தம் அவளுக்கு எப்போதும் உண்டு.

மோடத்தை ஏழு முறை அணைத்துப் போட்டாள். எலுமிச்சம்பழம் கட்டினாள். பக்கத்துப் புதரில் இருந்த நல்லதம்பி என்ற கருநாகம் தலையை நீட்டினான். அவனுக்கு அவள்தான் வைஃபை பாஸ்வேர்டு கொடுத்திருந்தாள். அக்கம்பக்கம் என்றால் அப்படித்தானே.

"அக்கா, எனக்கும் அந்த சைட்டு மட்டும் வரல. கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்."

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டாள். ஒரு மைனா எடுத்தாள்.

"வேற சைட்டெல்லாம் வருதா மேடம்?"

"வருது."

"அப்ப நெட் வருது மேடம்."

"எனக்கு வேண்டியது வரலையேம்மா!"

"எங்க கிட்ட ரெண்டு பட்டன்தான் மேடம். ஒண்ணு 'வருது', ஒண்ணு 'வரல'. நீங்க ரெண்டுலயும் அடங்க மாட்டேங்கறீங்க. ஆளை அனுப்பறேன்."

ஆள் வந்தான். தச்சமுத்து என்ற மரங்கொத்தி. கம்பத்தில் ஏறி நாலு கொத்து, மோடத்தில் இரண்டு கொத்து. பிறகு மயில் கல்யாணத்தைப் போட்டுத் தாலி கட்டுகிறவரை நின்று பார்த்தான்.

"லைன் சுத்தமா இருக்கு மேடம். என் வேலை வயரோட சரி. நீங்க சைட்டு பேரை அடிக்கறீங்க இல்ல, அந்தப் பேருக்கு அட்ரஸ் சொல்றது ஆந்தையார். அவர் சொன்னாத்தான் போய்ச் சேரும். அவரைப் பாருங்க. போறதுக்கு முன்னாடி எனக்கு அஞ்சு ஸ்டார் குடுத்துடுங்க."

பிடித்த பிடியை விடாதது என்று பேரெடுத்த சாதி. வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

ஆந்தையார் பகல் தூக்கத்தில் இருந்தார். மரமேறி அவள் எழுப்பியதும் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"காட்டுல நாப்பதாயிரம் சைட்டு. எல்லாத்துக்கும் அட்ரஸ் எனக்கு மனப்பாடம். எது வேணும்?"

"வளைப் பதிவு ஆபீஸ், மாமா."

கண் மூடிக்கொண்டது. "அப்படி ஒரு ஆபீஸ் இருக்கறதே எனக்குத் தெரியாது."

"மாமா, உங்க மரத்தடியிலதானே இருக்கு!"

இருந்தது. மரத்தடியில் மேசை போட்டு மரநாய் அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஆந்தையார் கீழே பார்க்கவில்லை; அதிகாரி மேலே பார்க்கவில்லை.

"அந்தாளு பையன் கல்யாணப் பத்திரிகைல அறுபத்து மூணு பேரு போட்டிருந்தான்" என்றார் ஆந்தையார். "தூரத்துச் சொந்தம் வௌவால் பேரு இருக்கு. தலைகீழாத் தொங்கறவன்! தலைக்கு மேல குடியிருக்கற என் பேரு இல்ல. அன்னியோட பேச்சுவார்த்தை கிடையாது. பேச்சில்லாத வீட்டு அட்ரஸை நான் எப்படிம்மா சொல்லுவேன்?"

இதில் செங்கமலத்துக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நியாயமான கோபம். அவளே சித்தப்பா வீட்டோடு நாலு வருஷம் பேசாமல் இருந்தவள்தான்.

இறங்கி அதிகாரியிடம் போனாள். "ஐயா, மனுவைக் கையிலயே வாங்கிக்குங்க."

அதிகாரி பலகையைக் காட்டினார். 'நேரில் வருவோர் இணையத்தில் வரவும்' என்று அதில் எழுதியிருந்தது.

"பத்திரிகையைத் திருத்தியாவது அடிச்சுக் குடுங்க ஐயா. மேல பெரியவர் வருத்தப்படறார்."

"கல்யாணம் முடிஞ்சு ரெண்டு பேரப்பிள்ளை ஆச்சும்மா. இப்ப திருத்தினா ஊர் என்ன சொல்லும்?"

மணி மூன்றரை. செங்கமலத்துக்கு அழுகை வந்தது. அழுகையோடு யோசனையும் வந்தது. அவர்கள் வீட்டுப் பத்திரிகையில் விட்ட பெயரை நம் வீட்டுப் பத்திரிகையில் போட்டால் போகிறது! புற்று பதிவானதும் புதுமனை புகுவிழா வைப்பதாக ஒரு பத்திரிகை. தேக்கிலை ஒன்றைப் பறித்துப் புற்றின் முகவரியைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். அதற்குக் கீழே முதல் பெயராக 'முகவரிப் பேரறிஞர் ஆந்தையார் அவர்கள்'.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பட்டவள் அல்லவா? இன்னொருவர் பெயர் விட்டுப்போய், நாளைக்கு இன்னொரு பாதி இணையம் போனால்? மைனா பெயர் போட்டாள். தச்சமுத்துவைப் போட்டாள். வௌவாலை, முதலையை, சித்தப்பாவைப் போட்டாள். 'இல்லத்தார்' என்ற இடத்தில் கொஞ்சம் காலி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் மனம் கோணக் கூடாதே என்று நல்லதம்பியை அங்கே போட்டாள். இலை நிறைந்தது. நல்லதம்பிக்குக் கொடுக்க இன்னோர் இலையில் அதையே பிரதி எடுத்தாள்.

ஆந்தையார் இரண்டு கண்ணையும் திறந்து தன் பெயரை மூன்று முறை படித்தார். "நீ நல்லா இருப்பே தாயி" என்றார். இணைய வலையில் வாய் வைத்து, இரண்டு வருஷமாக விழுங்கி வைத்திருந்த முகவரியைச் சொன்னார்.

செங்கமலம் விழுந்தடித்து ஓடி, பிரதியை நல்லதம்பியின் புதரில் போட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தாள். மணி நாலே முக்கால். தளம் திறந்தது! சந்தோஷத்தில் வால் தானாக ஆடியது. பெயர், இனம், வால் நீளம் எல்லாம் நிரப்பினாள். கடைசிக் கட்டத்தில் கேட்டது: 'இருப்பிடச் சான்று. முகவரியும் தங்கள் பெயரும் உள்ள ஏதேனும் ஓர் இலை.'

இருக்கிறதே! தேக்கிலையை எடுத்தாள். மேலிருந்து கீழே படித்தாள். கீழிருந்து மேலே படித்தாள். திருப்பிப் பார்த்தாள். காட்டில் உள்ள அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். அவள் பெயர் இல்லை.

மணி நாலு ஐம்பத்தெட்டு. திரை மாறியது.

'இப்புற்று பதிவாகிவிட்டது. உரிமையாளர்: நல்லதம்பி. சான்று: புதுமனை புகுவிழாப் பத்திரிகை.'

அவனுக்கும் அதே வைஃபைதானே. விரல் இல்லாவிட்டால் என்ன, இரட்டை நாக்கு இருப்பவனுக்கு இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்த முடியும்.

புற்று வாசலில் நல்லதம்பி படம் எடுத்து நின்றான். "பேரை நீங்களே இல்லத்தார்ல போட்டீங்களேக்கா. மறுத்தா மரியாதையா இருக்குமா? முட்டையை வேணா உள்ளயே வச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்."

அவன் பார்த்துக்கொள்ளும் விதம் அவளுக்குத் தெரியும். அன்றே மரநாய் அதிகாரியின் கோப்பு அறைக்குள் புகுந்து, நிலுவை மனுக்களின் அடியில் பதினொரு முட்டையையும் இட்டாள். அங்கே வைத்ததை யாரும் தொட்டதாகச் சரித்திரம் இல்லை. பதினொன்றும் பத்திரமாகப் பொரிந்தன.

ஆனால் மனசு ஆறவில்லை. தன் வீட்டுப் பத்திரிகையில் தன் பெயரையே விட்டவளை எப்படி மன்னிப்பது? அன்று முதல் செங்கமலத்துக்கும் செங்கமலத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. குளத்தில் தண்ணீர் குடிக்கப் போனால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் குடிக்கிறாள்.

நீதி: பத்திரிகை என்று அடித்தால் ஒரு பெயர் விட்டுப்போகத்தான் செய்யும், அது பாம்பின் பெயராக இருக்கும்படி பார்த்துக்கொள்.