இயந்திரம் தளபதியைப் பிடித்த விவரம்

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லைச் சாவடியிலிருந்து தங்கள் அக்காள் மகன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். தாங்களும் தங்கள் முழங்கால்களும் நலமாக இருக்க வேண்டும்.

தங்கள் கடிதம் வந்தது. "கையெழுத்துதானே, போட்டுத் தொலைடா, ஊர்ப்பக்கம் மாற்றல் கிடைக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். போட மாட்டேன். காரணத்தைப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

புதியது வேண்டாம் என்பவனல்ல நான். என் துப்பாக்கி என்னைவிட மூத்தது. வாக்கிடாக்கி இரண்டு அடி வாங்கினால்தான் வாயைத் திறக்கும். அதனால் கண்காணிப்பு இயந்திரம் வந்தபோது நானே முதலில் கை தட்டினேன். இயக்கும் வேலையும் எனக்கே வந்தது. உயரமான கம்பம், மேலே கேமரா. நடையை வைத்தே நம் ஆளா, அந்நியனா என்று சொல்லிவிடுமாம். பொருத்த வந்த பொறியாளர் எங்கள் பன்னிரண்டு பேரையும் இரண்டு வாரம் வேலியோரம் நடக்கவிட்டு அதற்கு அடையாளம் காட்டினார். நடந்தவர்களுக்குத் தினமும் தேநீர் கொண்டு வந்தவர் சமையல்காரர். அவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இயந்திரம் எடுத்துக்கொண்டது.

சோதனை நாள். தளபதி வந்தார். எதிரியாக நடிக்க சமையல்காரரை அனுப்பினோம். கறுப்புக் கம்பளி, கையில் துப்பாக்கிக்குப் பதில் கரண்டி. ஊர்ந்தார். உருண்டார். வேலியையே பிடித்து உலுக்கினார். பச்சை விளக்கு, நம் ஆள். பொறுமையிழந்த தளபதி தானே வேலிப் பக்கம் இறங்கி நடந்தார். நான்கு அடிதான். சங்கு அலறியது. ஒலிபெருக்கி, "அசையாதே, கைகளைத் தூக்கு" என்றது. தளபதி தூக்கினார். தூரத்திலிருந்து சமையல்காரர் கத்தினார்: "ஐயா, அவரை விட்டுடுங்க! எதிரி நான்தாங்க, இங்க இருக்கேன்!"

இதற்குத்தான் 'சோதனை முழு வெற்றி' என்று எங்கள் கேப்டனின் அறிக்கை. இயக்கியவன் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது. போட்டால் பன்னிரண்டு பேர் நான்கு பேர் ஆவோம். மீதி எட்டுப் பேரின் வேலையை இயந்திரம் பார்க்குமாம். போன குளிரில் மூடுபனிக்குள் மூன்று பேர் வேலியை வெட்டினார்கள். கண்டுபிடித்தவை மனிதக் காதுகள். இந்தக் கேமராவுக்கோ பனி விழுந்தால் கண் தெரியாது. மணிக்கொரு முறை கம்பத்தில் ஏறித் துடைக்கிறோம்.

கேப்டன் கூப்பிட்டார். "உன் பிடிவாதத்தால என் பதவி உயர்வு போகுதுடா."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா?"

"பனியில நாலு பேர் எவ்வளவு தூரம் சார் பார்ப்பாங்க?"

கேப்டன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மிரட்டட்டும். இன்னும் உயரமான சாவடிக்குத் தூக்கிப் போடட்டும். அறிக்கையில் என் பெயர் ஏறாது.

அத்தைக்கு வணக்கம். குழந்தைகளுக்கு அன்பு. மாற்றல் இல்லை என்று அம்மாவிடம் தாங்களே பக்குவமாகச் சொல்லிவிடவும். ஆசி அனுப்புங்கள், அறிவுரை போதும்.

இப்படிக்கு,
பணியாத மருமகன்

பி.கு.: இங்கிருந்து போகும் கடிதங்களைக் கேப்டன் படித்த பிறகே உறையை ஒட்ட வேண்டும். கோபத்தில் அந்த விதி மறந்துவிட்டது. இரண்டு முறை படித்தார். "நடந்ததை நடந்தபடி எழுதின ஒரே காகிதம் இதுதான்டா" என்றார். வெற்றி அறிக்கையைக் கிழித்தார். இந்தக் கடிதத்தின் ஓரத்தில் 'நானும் பார்த்தேன்' என்று எழுதி, அதையே அறிக்கையாகத் தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டார். தங்களிடம் இருப்பது நகல். "இயக்கினவன் கையெழுத்து?" என்று கேட்டார். கடிதத்தின் அடியைக் காட்டினேன். ஆக, போட்டுவிட்டேன் மாமா.