அத்தான் தைத்த கூர்மூக்குக் காலணி

அன்பும் மரியாதையும் மிகுந்த அத்தான் ஜெமோவித் அவர்களுக்கு,

க்ராக்கூவிலிருந்து உங்கள் மைத்துனன் போகுமில் எழுதுவது. அக்காவும் தாங்களும் தார்னூவில் சுகமாக இருக்க வேண்டுகிறேன். என் முழங்கால் தவிர இங்கே மற்றதெல்லாம் சுகம்.

ஆறு மாதம் முதுகுவலியோடு உட்கார்ந்து தாங்கள் தைத்த கூர்மூக்குக் காலணியைக் கோட்டைத் திருவிழாவுக்கென்று இரவல் வாங்கி வந்தேன் அல்லவா? அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது, கை வரவில்லை. அறுநூறு வருஷத்துக்கு முந்தைய பிரபு மாதிரி உடுத்திக்கொண்டு வாத்து நடை நடந்துகொண்டிருந்தேன். சிறந்த கைவேலைக்குப் பரிசு கொடுக்கும் நடுவர் ஹல்ஷ்கா அம்மாள் புல்லில் மண்டியிட்டு, அந்த நீள மூக்கை விரலால் தடவிப் பார்த்து, "இவ்வளவு சன்னமான தையல் நான் பார்த்ததே இல்லைங்க. யார் தைச்சது?" என்று கேட்டார். என் மனைவி போன பிறகு ஆறு வருஷமாக என்னை யாரும் நிமிர்ந்தும் பார்த்ததில்லை, குனிந்தும் பார்த்ததில்லை. "நான்தாங்க" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

பரிசு எனக்கே என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். படியில் பக்கவாட்டில்தான் ஏற வேண்டும் என்று தாங்கள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தீர்கள். நான் முப்பது வருஷம் டிராம் ஓட்டின மிதப்பில் நேராக ஏறினேன், காலணி மூக்கு படிக்கு அடியில் மாட்டிக்கொண்டது, நான் மேடையில் குப்புற விழுந்தேன், வலதுகால் மூக்கு பிய்ந்து, உள்ளே திணித்திருந்த கம்பளியும் ஒரு மடித்த காகிதமும் வெளியே வந்தன. முதுகு வைத்தியர் தங்களுக்குக் கொடுத்த சீட்டு. திணிக்க வேறு காகிதமே கிடைக்கவில்லையா அத்தான்?

ஹல்ஷ்கா அம்மாள் எடுத்துப் படித்தார்.

"ஜெமோவித்னு போட்டிருக்கே. யாருங்க அது?"

"என் அத்தான்."

"அப்போ தைச்சது?"

"அவர்தாங்க."

ஒலிபெருக்கியை யாரும் அணைக்கவில்லை. முந்நூறு பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "அவரைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்று மட்டும் அந்த அம்மாள் சொன்னார்.

தாங்கள் வருகிறேன் என்றுதான் சொன்னீர்கள். "முதுகோட எதுக்கு அத்தான், வீட்ல இருங்க" என்றவன் நான். அது தங்கள் முதுகுக்காகச் சொன்னதல்ல. பக்கத்தில் தாங்கள் நின்றால் எல்லோரும் தங்களைத்தான் பார்ப்பார்கள் என்பதற்காகச் சொன்னது. நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

காலணியைத் தனிப் பொட்டலமாக அனுப்புகிறேன். இனி என் வாயில் ஒரு பொய் வராது. அக்காவிடம் தாங்களே பக்குவமாகச் சொல்லவும்.

தங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
போகுமில்

பி.கு.: இன்று காலை ஹல்ஷ்கா அம்மாள் முழங்காலை விசாரிக்க, கசகசா கேக்கோடு வீட்டுக்கு வந்தார். ரொம்ப நேரம் இருந்தார். பேச்சுவாக்கில், இடதுகால் மட்டும் நான் தைத்தது என்று சொல்லிவிட்டேன். அவர் தொலைபேசியில் கேட்டால் ஆமாம் என்று சொல்லவும்.